ஒரு வயிற்றுப் பிள்ளைகள்: எம்.ஜி.ஏ.வும் அம்பாசடரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் வந்த பழைய கார் கண்காட்சிக் கட்டுரையை மூன்று முறை படித்தேன். அதில் இருந்த எம்.ஜி. என்ற ஆங்கிலேயச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் படத்தைக் கத்தரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். படத்துக்குக் கீழே மூன்று செய்திகள் அச்சாகியிருக்கின்றன. அது 1947ஆம் ஆண்டு மாடல் என்பது ஒன்று. எம்.ஜி. என்பது அந்தக் காரை உருவாக்கிய ஆங்கிலேயப் பிரபுவின் பெயர் என்பது இரண்டு. நம் நாட்டுக் கார் எதனோடும் ஒட்டுறவு இல்லாத வண்டி, ஒரு நட்டு தேய்ந்தாலும் லண்டனிலிருந்துதான் வர வேண்டும் என்பது மூன்று. மூன்றுமே தவறு. முதல் இரண்டை ஒரு வரித் திருத்தத்தில் சரிசெய்துவிடலாம். மூன்றாவதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் காருக்கு வேண்டிய சாமானை மதுரையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு குமுளி மலை ஏறி வந்தவர் என் அப்பா.

நான் வண்டிப்பெரியாற்றில் பிறந்து வளர்ந்தவள். இந்த மலையில் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றேன். வயது எழுபத்தொன்று. அப்பா கம்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினாறு வயதில் மலை ஏறி வந்து, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பட்டறையே அவர் பொறுப்புக்கு வந்தது. கொழுந்து லாரி, டிராக்டர், தொழிற்சாலை இன்ஜின், துரைமார்களின் கார் எல்லாம் அவர் கையால்தான் ஓடின. பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். 1956 நவம்பரில் கேரள மாநிலம் பிறந்தபோது பீர்மேடும் தேவிகுளமும் மலையின் இந்தப் பக்கமே நின்றுவிட்டன. எங்கள் ரேஷன் அட்டை மலையாளத்தில் மாறியது. பட்டறையில் ஸ்பானர்களின் பெயர் மாறவில்லை.

1958ஆம் ஆண்டு தோட்டத்துக்குப் புதிதாக வந்த சின்ன துரை, அதாவது உதவி மேலாளர், தன் காரைக் கப்பலில் கொச்சிக்கு வரவழைத்தார். உங்கள் படத்தில் இருக்கும் அதே முகம், அதே சிவப்பு. எனக்கு அப்போது நாலு வயது. லயத்துப் பிள்ளைகள், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையின் பிள்ளைகள், அத்தனை பேரும் அதைச் சுற்றி நின்று கதவைத் திறக்கக் கைப்பிடி தேடியது மங்கலாக நினைவிருக்கிறது. வெளியே கைப்பிடியே கிடையாது. கதவின் மேல் விளிம்பைத் தாண்டிக் கையை உள்ளே விட்டு ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். அந்த இரகசியம் தெரிந்த பையன் அந்த வாரம் முழுக்க எங்களுக்குப் பெரிய ஆளாக இருந்தான்.

இனி 1947க்கு வருகிறேன். அந்த ஆண்டில் எம்.ஜி. செய்த ஸ்போர்ட்ஸ் காருக்கு டி.சி. என்று பெயர். நிமிர்ந்து நிற்கும் ரேடியேட்டர், தனித்தனியாக நீண்ட மட்கார்டுகள், உயரமான ஒல்லியான ஸ்போக் சக்கரங்கள், பின்னால் பெட்டியைக் கட்டியதுபோல் பெட்ரோல் டாங்க். முன் கண்ணாடியை அப்படியே பானெட்டின் மேல் மடக்கிவிடலாம். மரச் சட்டத்தின் மேல் தகடு அடித்த உடல், 1250 சி.சி. இன்ஜின், 54 குதிரைத்திறன். போர் முடிந்த 1945ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வெளியே வந்து, 1949 வரை ஏறத்தாழ பத்தாயிரம் வண்டிகள் செய்யப்பட்டன. பிரிட்டன் போரில் வென்றிருந்தாலும் கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தது. வெளிநாட்டுக்கு விற்று டாலர் கொண்டுவருகிற தொழிற்சாலைக்குத்தான் இரும்பு ஒதுக்கீடு. அதனால் டி.சி.யில் பாதிக்கு மேல் கடல் கடந்து போயின. சுமார் இரண்டாயிரம் அமெரிக்காவுக்குப் போயின. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் இருந்த இந்த வண்டியை அப்படியே விரும்பி வாங்கினார்கள். பிற்பாடு உலகச் சாம்பியனான பில் ஹில் என்ற அமெரிக்கப் பந்தய வீரர் ஆரம்பத்தில் ஓட்டியது டி.சி.யைத்தான்.

உங்கள் படத்தில் இருக்கும் வண்டியோ மூக்கிலிருந்து வால்வரை ஒரே வளைவாக ஓடுகிறது. மட்கார்டு எங்கே முடிந்து கதவு எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. அதன் பெயர் எம்.ஜி.ஏ. அது 1955 செப்டம்பரில்தான் பிறந்தது. எட்டு ஆண்டு முன்னே தள்ளி வைத்துவிட்டீர்கள்.

எம்.ஜி. என்பது யாருடைய பெயரும் இல்லை. மோரிஸ் கராஜஸ் என்ற கடைப் பெயரின் முதல் எழுத்துகள் அவை. ஆக்ஸ்போர்டில் மோரிஸ் கார்களை விற்றுப் பழுது பார்த்த கடை அது. உரிமையாளர் வில்லியம் மோரிஸ் பிற்பாடு நஃபீல்ட் பிரபு ஆனார் என்பது உண்மை; கட்டுரையாளர் அங்கேதான் குழம்பியிருக்க வேண்டும். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் ஆசை கொண்டவர் அந்தக் கடையில் 1922இல் மேலாளரான செசில் கிம்பர். எல்லாரும் வாங்குகிற மோரிஸ் காரின் அடிப்பாகத்தை எடுத்து, அதன்மேல் இலகுவான உடலைக் கட்டி, ஸ்பிரிங்கையும் இன்ஜினையும் சீர்செய்து, எண்கோணச் சின்னம் குத்தி விற்றார். 1929இல் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்ற சிற்றூரில், ஒரு தோல் தொழிற்சாலைக்குச் சொந்தமான பழைய கட்டடத்துக்குக் குடிபோனார்கள். அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் எம்.ஜி. என்றால் ஆபிங்டன்தான்.

கிம்பரின் முடிவைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப் போயிற்று. போர்க் காலத்தில் மேலிடத்தைக் கேட்காமல் விமானப் பாகம் செய்யும் வேலையை ஏற்றுக்கொண்டார் என்று 1941இல் அவரை வெளியேற்றினார்கள். 1945 பிப்ரவரி 4ஆம் தேதி லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் கிளம்பினார். நிலையத்தை அடுத்த சுரங்கத்தில் மேடு ஏற முடியாமல் ரயில் சக்கரங்கள் வழுக்கின. இருட்டில் ரயில் பின்னோக்கி உருள்வது ஓட்டுநருக்குத் தெரியவில்லை. கடைசிப் பெட்டி தடம் புரண்டு, அதில் இறந்த இருவரில் கிம்பரும் ஒருவர். மேட்டில் வண்டி பின்னால் உருள்வது எப்படிப்பட்ட பயம் என்பது மலையில் வாழ்கிற எங்களுக்குத் தெரியும். போருக்குப் பிந்தைய டி.சி. அந்த ஆண்டு இறுதியில்தான் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

டி.சி.க்குப் பிறகு டி.டி., அதற்குப் பிறகு டி.எஃப். மூன்றுக்கும் தோற்றம் போருக்கு முந்தியதே. இதற்கிடையில் ஆபிங்டனில் சிட் எனெவர் என்ற வடிவமைப்பாளர் பிரான்சில் நடக்கும் லெ மான் கார் பந்தயத்துக்காக, 1951இல் டி.டி.யின் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் ஒரு வழவழப்பான உடலைப் பொருத்தினார். கார் அழகாக இருந்தது. ஓட்டுகிறவர் மட்டும் பாதி உடம்பு வெளியே தெரிய, திண்ணையில் உட்கார்ந்ததுபோல் இருந்தார். சேஸிஸின் இரு சட்டங்களும் நடுவில் நெருக்கமாக ஓடியதால், ஆசனம் அவற்றுக்கு மேல்தான் உட்கார முடிந்தது. எனெவர் சட்டங்களை வெளிப்பக்கமாக விலக்கி, ஆசனங்கள் நடுவே கீழே இறங்கும்படி புதிய சேஸிஸ் செய்தார். 1952இல் வண்டி தயார்.

அந்த ஆண்டில்தான் ஆஸ்டினும் மோரிஸும் ஒரே நிறுவனமாக, பி.எம்.சி.யாக இணைந்தன. தலைவர் லெனார்ட் லார்ட். ஹீலி என்பவர் செய்த வேறொரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அவர் அப்போதுதான் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு எதற்கு என்று ஆபிங்டன் வண்டியைத் தள்ளிவைத்துவிட்டார். 1954 வரை அது கிடப்பில் கிடந்தது. இந்தத் தாமதத்தை எம்.ஜி. அன்பர்கள் இன்றும் பெரிய அநியாயமாகச் சொல்வார்கள். ஆபிங்டன் தொழிலாளிகளுக்கு அது அநியாயம்தான். ஆனால் எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. 1952இல் அந்தக் கார் வெளிவந்திருந்தால் பழைய 1250 சி.சி. இன்ஜினோடு வந்திருக்கும். காத்திருந்த காலத்தில் பி.எம்.சி. ஒரு புது இன்ஜினைக் கொண்டுவந்துவிட்டது. பி-சீரிஸ் என்று பெயர், 1489 சி.சி. எம்.ஜி.ஏ. அதைத்தான் சுமந்து வந்தது. இந்த 1489 என்ற எண்ணைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1955 ஜூனில் மூன்று முன்மாதிரி வண்டிகள் லெ மான் போயின. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த கோர விபத்து நடந்த பந்தயம் அது. எம்.ஜி.க்களில் ஒன்றும் மோதி, அதை ஓட்டியவர் பலத்த காயம் அடைந்தார். மற்ற இரண்டும் பன்னிரண்டாவதாகவும் பதினேழாவதாகவும் ஓடி முடித்தன. செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. 1962 வரை செய்யப்பட்டவை ஒரு லட்சத்து ஆயிரத்துச் சொச்சம். இதில் பிரிட்டனுக்குள் விற்றவை ஆறாயிரம்கூட இல்லை. மீதி எல்லாம் கப்பல் ஏறின. இத்தனையையும் ஆபிங்டனில் நகரும் பட்டை எதுவும் இல்லாமல், வண்டியைக் கையால் தள்ளித் தள்ளியே செய்தார்கள்.

அப்படிக் கப்பல் ஏறிய ஒன்று கொச்சியில் இறங்கி, கோட்டயம், முண்டக்கயம், குட்டிக்கானம் வழியாக எங்கள் ஊருக்கு வந்தது.

1964 ஜூன் மாதம். மழை பிடித்துக்கொண்டு பத்து நாள் ஆகியிருந்தது. கோட்டயம் போய்த் திரும்பிய சின்ன துரை, முண்டக்கயத்திலிருந்து ஏறும் மேட்டில் கார் கொதித்து நின்றுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். கொழுந்து லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். அப்பா ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு, போய்விட்டது, தண்ணீர் ஆயிலில் இறங்கியிருக்கிறது என்றார். சின்ன துரை இங்கிலாந்துக்கு எழுதுவதாகச் சொன்னார். இறக்குமதி அனுமதி, கப்பல், சுங்கம் எல்லாம் முடிந்து வர நாலைந்து மாதம் ஆகும். மழைக்காலம் முழுக்க அந்தக் கார் ஷெட்டில் நிற்க வேண்டியதுதான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும். காரோடு வந்த தடித்த ரிப்பேர் புத்தகத்தை அப்பா அன்று இரவு வீட்டுக்கு எடுத்து வந்து, அரிக்கேன் விளக்கின் முன் என்னை உட்கார வைத்தார். பொருள் தெரியாத சொற்களை நான் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவர் படத்தைப் பார்த்துப் பொருள் கண்டுபிடித்தார். முதல் பக்கங்களில் அளவுகள் இருந்தன. சிலிண்டர் துளை 73 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டம் 89 மில்லிமீட்டர். கொள்ளளவு 1489 என்று படித்தேன்.

“மறுபடியும் படி தாயி” என்றார்.

படித்தேன். அவர் எழுந்து, மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அந்த மாதத் தொடக்கத்தில் தோட்டத்து டாக்டரின் அம்பாசடருக்கு அவர் ஹெட் இறக்கி ஏற்றியிருந்தார். கழற்றிய பழைய கேஸ்கெட்டைச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அதை எடுத்து, துரை காரிலிருந்து எடுத்த கேஸ்கெட்டை அதன்மேல் வைத்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நாலு பெரிய வட்டங்கள், தண்ணீர் ஓடும் துளைகள், ஸ்டட் துளைகள். ஒன்றின் வழியாக மற்றொன்றின் வெளிச்சம் அப்படியே வந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் விடியலில் குமுளிக்கு நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மதுரைக்குப் போனார். பழைய கேஸ்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போயிருந்தார். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, எந்தக் கார் என்றுகூடக் கேட்காமல் அம்பாசடர் கேஸ்கெட்டை எடுத்து வைத்தாராம். அப்பா எம்.ஜி. என்று சொல்லவும் இல்லை. அடுத்த நாள் மாலை கார் ஓடியது. சின்ன துரை முதலில் நம்பவில்லை. குட்டிக்கானம்வரை போய்த் திரும்பி வந்து, கிரீஸ் படிந்த அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துரை ஒரு மெக்கானிக்கின் கையைப் பிடித்தது லயத்தில் வெகுநாள் பேச்சாக இருந்தது.

ஆசிரியர் அவர்களே, இதில் அதிசயம் எதுவும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசைக் கார்தான். 1959இலிருந்து அதில் பொருத்தப்பட்டது பி.எம்.சி.யின் 1489 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின். எம்.ஜி.ஏ.வின் முதல் மாடலில் இருந்ததும் அதே இன்ஜின்தான். ஒரே அச்சில் வார்த்த இரும்பு, கிராங்குக்கு மூன்று பேரிங், அதே துளை, அதே ஓட்டம். ஆபிங்டனில் அதற்கு இரண்டு கார்புரேட்டர் வைத்து, அழுத்தத்தைக் கூட்டி, கேம் ஷாஃப்டை மாற்றி, ஆரம்பத்தில் 68, பிறகு 72 குதிரைத்திறன் வாங்கினார்கள். உத்தர்பாராவில் ஒரே கார்புரேட்டரோடு ஐம்பது, ஐம்பத்தைந்து போதும் என்று விட்டார்கள். ஒன்று தனி ஆளாக மணிக்கு நூறு மைலைத் தொடப் பார்த்தது. மற்றொன்று ஒரு கல்யாண வீட்டையே ஏற்றிக்கொண்டு மலை ஏறியது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அது உண்மையிலேயே நீங்கள் சொன்ன 1947 மாடலாக இருந்திருந்தால்கூட உங்கள் மூன்றாவது செய்தி சரியாகாது. டி.சி.யின் 1250 சி.சி. இன்ஜின், மோரிஸ் டென் என்ற குடும்பக் காரின் இன்ஜினிலிருந்து வளர்த்தெடுத்தது. அந்த மோரிஸ் டென்தான் ஹிந்துஸ்தான் 10 என்ற பெயரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் முதல் காராக வந்தது. நம் நாட்டுக் காருக்கும் எம்.ஜி.க்கும் இரண்டு தலைமுறை உறவு இருக்கிறது.

சாதாரணக் காரின் இன்ஜினைப் போட்டதால்தான் எம்.ஜி.ஏ. நிலைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1958இல் அதே காருக்கு ட்வின் கேம் என்று விசேஷமான ஒரு இன்ஜினைச் செய்தார்கள். 1588 சி.சி., நூறுக்கு மேல் குதிரைத்திறன், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ஓட்டிப் பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். பிறகு பிஸ்டன்கள் கருகி ஓட்டை விழத் தொடங்கின. இரண்டே ஆண்டில், ஈராயிரத்துச் சொச்சம் வண்டிகளோடு அதை நிறுத்திவிட்டார்கள். பி-சீரிஸோ 1588, 1622 என்று பெருத்து, கடைசியில் 1798 ஆகி, 1962இல் வந்த எம்.ஜி.பி.யில் உட்கார்ந்து ஐந்து லட்சம் வண்டிகளை ஓட்டியது. 1980 அக்டோபரில் ஆபிங்டன் கதவை மூடியபோது கடைசியாக வெளியே வந்த எம்.ஜி.பி.யிலும் அந்தக் குடும்பத்து இன்ஜின்தான். அம்பாசடர் 2014வரை உத்தர்பாராவில் செய்யப்பட்டது. பிற்காலத்தில் அதற்கு வேறு இன்ஜின்கள் வந்துவிட்டாலும், எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் 1489 வெகுகாலம் ஓடியது.

அந்தக் கேஸ்கெட்டுக்குப் பிறகு அப்பாவுக்குத் துணிவு வந்துவிட்டது. 1967இல் இன்ஜின் புகை தள்ளியபோது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி அம்பாசடர் பிஸ்டனும் ரிங்கும் போட்டார். அழுத்தம் குறைந்தது. மேட்டில் கார் கொஞ்சம் சோம்பியது. ஆனால் அன்று எங்கள் பக்கம் கிடைத்த பெட்ரோலுக்கு அதற்கு முன் இருந்த தட்டும் சத்தம் அறவே நின்றது. இரண்டு கார்புரேட்டரையும் ஒத்துப்போகச் செய்வது மட்டும் அவருக்கு அம்பாசடர் கற்றுத்தராத வித்தை. ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இந்தக் கார்புரேட்டரின் வாயிலும் அந்தக் கார்புரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடிப்பார். இரண்டும் ஒரே சுருதியில் உறிஞ்சும்வரை திருகை நகர்த்துவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. அவர் சொல்லச் சொல்ல நான் புத்தக ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி வைத்தேன். ‘டப்பெட் பதினேழு தவ், சூட்டில் வைத்துப் பார்க்கவும்’ என்று என் பள்ளிக் காலக் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது. தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஊருக்குத் திரும்பும்போது சின்ன துரை அந்தப் புத்தகத்தை அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். நான் ஆங்கிலம் கற்றது அந்தப் புத்தகத்தில்தான்.

ஒரே ஒரு முறை அந்தக் காரில் போயிருக்கிறேன். பிஸ்டன் மாற்றிய பிறகு ஓட்டிப் பார்க்க அப்பா பாம்பனார்வரை எடுத்தபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். ஆசனம் அவ்வளவு தாழ்வு, கையைத் தொங்கவிட்டால் தார் ரோடு தட்டும்போல் இருந்தது. தேயிலைச் செடிகள் தலைக்கு மேலே போயின. தினமும் நடந்து போகும் ரோட்டை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அப்பா சிரித்துக்கொண்டே ஓட்டினார். அவர் அப்படிச் சிரித்து நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

1969இல் சின்ன துரை தாய்நாடு திரும்பினார். காரை முண்டக்கயம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் வாங்கினார். அதன் பிறகு இரண்டு மூன்று முறை சர்வீஸுக்கு வந்தது. 1974இல் ஒரு நாள் அதை வேறொரு வண்டியில் கட்டிக் கீழே இழுத்துக்கொண்டு போவதை அப்பா குட்டிக்கானத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து, “டயரில் காற்று இல்லாமல் இழுக்கிறார்கள்” என்று மட்டும் சொன்னார். 1991இல் அப்பா காலமானார்.

உங்கள் கட்டுரையில், படத்தில் உள்ள கார் கோட்டயம் பக்கத்திலிருந்து வாங்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அதே கார்தான் என்று நான் சாதிக்கவில்லை. இந்த மலைகளில் எத்தனை எம்.ஜி.ஏ. ஓடின என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

எம்.ஜி.ஏ.வின் தரை இரும்பால் ஆனது அல்ல. சேஸிஸ் சட்டங்களின் மேல் பிளைவுட் பலகையைத் திருகாணியால் இறுக்கியிருப்பார்கள். எங்கள் ஊர் மழையை அந்தப் பலகை தாங்கவில்லை. 1966இல் வலப்பக்கத் தரை, ஓட்டுகிறவரின் குதிகால் பட்ட இடத்தில் உளுத்து உள்வாங்கிவிட்டது. அப்பா தோட்டத்து ஸ்டோரில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, அவற்றின் பிளைவுட்டை மூன்று அடுக்காக ஒட்டி, பழைய பலகையின் அளவுக்கே அறுத்துப் பொருத்தினார். பெட்டியில் தேயிலை ரகத்தைக் குறிக்கும் ஸ்டென்சில் எழுத்து இருக்கும் அல்லவா, அந்த முகத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்தார். பெயின்ட் அடிக்கவில்லை. ஈரம் ஏறாமல் இருக்கக் கழிவு ஆயிலை மட்டும் நாலு முறை பூசினார். பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான், அதனால் எழுத்து எங்கே இருந்தது என்று நன்றாகத் தெரியும்.

இந்தக் கடிதத்தை அந்தக் காரின் இன்றைய உரிமையாளருக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். காரை மேடான இடத்தில் நிறுத்தி, வலப்பக்கத் தரையின் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலகையை மாற்றியிருந்தால் ஒன்றும் இருக்காது. மாற்றாமல் இருந்தால், ஆயில் அழுக்கைத் துணியால் துடைத்ததும் கறுப்பு மையில் பி.ஓ.பி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், அவற்றுக்குக் கீழே பாதியில் அறுபட்ட ஒரு எண்ணும் தெரிய வேண்டும். தெரிந்தால் எனக்கு ஒரு கார்டு போடச் சொல்லுங்கள், முகவரி உங்களிடம் இருக்கிறது. அப்பாவின் புத்தகம் அந்தக் காரோடுதான் இருக்க வேண்டும். நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.